எமிலியின் சாட்சியம்: ஒரு நாவலும் இரண்டு வழக்குகளும்

1

1823 டிசம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஆரன் ஸ்மித் என்ற மாலுமி குற்றவாளிக் கூண்டில் நின்றார். குற்றம் கடற்கொள்ளை. அன்றைய சட்டத்தில் அதற்குத் தண்டனை தூக்கு. கியூபாக் கரையோரத்தில் இரண்டு வணிகக் கப்பல்களை மறித்துக் கொள்ளையடித்த கூட்டத்தில் அவரும் இருந்தார் என்றது அரசுத் தரப்பு. இருந்ததை ஸ்மித் மறுக்கவில்லை. ஏன் இருந்தேன் என்பதைத்தான் சொன்னார்.

1822 கோடையில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட 'ஸெஃபர்' என்ற பாய்க்கப்பலில் அவர் தலைவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தார். கியூபாவின் மேற்கு முனையைச் சுற்றிப் போகும் வழியில் கொள்ளையர் கப்பலை மறித்தார்கள். பணம் எங்கே என்று கேட்டுக் கப்பல் தலைவர் லம்ஸ்டனைக் கட்டிவைத்து நெருப்பைக் காட்டி மிரட்டினார்கள். கிடைத்ததை அள்ளிக்கொண்டு கப்பலை விட்டார்கள். ஆனால் கடல்வழி அறிந்தவர் என்பதால் ஸ்மித்தை மட்டும் விடவில்லை. பல மாதங்கள் அவர்களுக்குக் கப்பல் ஓட்டவும், காயம்பட்டவர்களுக்கு மருந்து போடவும் வேண்டியிருந்தது. தப்பி ஹவானா போய்ச் சேர்ந்தபோது கொள்ளையன் என்று பிடிபட்டார். விலங்கு பூட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள்.

உயிருக்குப் பயந்து செய்ததெல்லாம் நான் செய்ததாகுமா என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அவரை மணக்கவிருந்த பெண்ணும் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார். ஜூரிகள் ஸ்மித்தை விடுவித்தார்கள். மறு ஆண்டே தன் கதையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். சட்டம் விடுவித்தாலும் ஊர் விடுவிக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஸெஃபர் கப்பலில் பயணிகளாகச் சில குழந்தைகளும் இருந்தார்கள். ஸ்மித்தின் வழக்கில் அவர்களுக்குப் பெரிய இடமில்லை. ஆனால் நூறாண்டுகள் கழித்து ஒரு நாவல் பிறந்தது அவர்களிடமிருந்துதான்.

2

1820களின் கியூபாக் கொள்ளையர்கள் கதைப்புத்தகங்களில் வரும் வீரர்கள் அல்லர். ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள் முடிந்து, தென்னமெரிக்காவில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. எதிரியின் கப்பலைப் பிடிக்க அரசுகளே தனியாருக்கு உரிமச் சீட்டு வழங்கின. அந்தச் சீட்டை வைத்துக் கொள்ளையடித்துப் பழகியவர்கள், சீட்டு இல்லாத காலத்திலும் தொழிலை விடவில்லை. கியூபாவின் வடகரையில் உள்ள குடாக்களும் சதுப்புக் காடுகளும் அவர்களை மறைத்தன. கரையிலிருந்த வணிகர்கள் கொள்ளைப் பொருளை வாங்கினார்கள். அதிகாரிகள் பங்கு பெற்றுக்கொண்டு பாராமுகமாக இருந்தார்கள். அமெரிக்கா 1822இல் மேற்கிந்தியக் கடலுக்கென்று தனிக் கடற்படைப் பிரிவை அமைத்தது. பிரிட்டிஷ் கடற்படையும் வேட்டையில் இறங்கியது. பிடிபட்டவர்கள் பலர் 1823இல் கிங்ஸ்டனில் தூக்கிலிடப்பட்டனர். 1825 வாக்கில் அந்தத் தொழில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

ஸெஃபரில் சிறுமியாகப் பயணம் செய்த ஒருவர், தன் முதுமையில் அந்த நாளின் நினைவுகளை எழுதிவைத்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ரிச்சர்ட் ஹியூஸ் என்ற இளம் எழுத்தாளருக்கு அவருடைய தாயின் வழியாகக் கிடைத்தது. ஸ்மித்தின் புத்தகத்தில் கொடுமையாக வரும் அதே நாள், இந்தக் குறிப்பில் வேறு மாதிரி இருந்தது. கப்பலில் பெரியவர்களை மிரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கொள்ளையர் குழந்தைகளைத் தங்கள் கப்பலுக்குக் கொண்டுபோய் அன்பாக வைத்திருந்து, பிறகு பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே கூட்டம், ஒரே பொழுது. இந்தப் பக்கம் ஒருவரைக் கட்டிவைத்து நெருப்பைக் காட்டுகிறார்கள். அந்தப் பக்கம் குழந்தைகளுக்கு உபசாரம்.

ஹியூஸ் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: அந்தக் குழந்தைகளைத் திருப்பி அனுப்ப முடியாமல் போயிருந்தால்?

அதற்கு அவர் எழுதிய பதில்தான் 'எ ஹை விண்ட் இன் ஜமைக்கா'. 1929இல் முதலில் அமெரிக்காவில் 'தி இன்னசன்ட் வாயேஜ்' என்ற பெயரிலும், அதே ஆண்டு இங்கிலாந்தில் இப்போது நாம் அறியும் பெயரிலும் வெளிவந்தது. அமெரிக்கத் தலைப்பின் பொருள் 'களங்கமற்ற பயணம்'. அதில் உள்ள கேலி, நாவலைப் படித்து முடித்தவருக்கே புரியும். எழுதும்போது ஹியூஸ் ஜமைக்காவை நேரில் கண்டதில்லை.

3

கதை இதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஜமைக்காவில் பாழடைந்த கரும்புத் தோட்டம் ஒன்றில் பாஸ்-தார்ன்டன் என்ற ஆங்கிலக் குடும்பம் வாழ்கிறது. ஜான், எமிலி, எட்வர்ட், ரேச்சல், லாரா என்று ஐந்து குழந்தைகள். ஒரு பெரும் புயல் வீட்டைத் தரைமட்டமாக்குகிறது. குழந்தைகளின் மனம் இதில் சிதைந்திருக்கும் என்று அஞ்சிய பெற்றோர், அவர்களை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுகிறார்கள். உண்மையில் எமிலியைக் கனவிலும் விடாமல் துரத்துவது புயல் அல்ல. புயல் இரவில் காட்டுப்பூனைகள் துரத்திக் கொன்ற டாபி என்ற வீட்டுப்பூனைதான். பெரியவர்கள் குழந்தைகளின் துயரத்தைத் தவறான இடத்தில் தேடுவது இந்த முதல் அத்தியாயத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அண்டை வீட்டுப் பிள்ளைகள் மார்கரெட், ஹாரி இருவரையும் சேர்த்து ஏழு குழந்தைகளோடு 'க்ளோரிண்டா' புறப்படுகிறது. கியூபாவுக்கு அருகே கொள்ளையர் வருகிறார்கள். இவர்கள் காலம் கடந்த கொள்ளையர்கள். தொழில் நலிந்து, பழைய பெயரை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். தலைவன் யோன்சன். துணைவன் ஓட்டோ. ஸெஃபரில் நடந்ததைப் போலவே குழந்தைகளைத் தங்கள் கப்பலுக்கு மாற்றுகிறார்கள். ஆனால் இருட்டில் க்ளோரிண்டாவின் தலைவர் மார்போல் பாய்விரித்து ஓடிவிடுகிறார். குழந்தைகள் அனைவரும் தம் கண்ணெதிரே கொல்லப்பட்டதாகப் பெற்றோருக்குக் கடிதமும் எழுதுகிறார். நாவலில் முதல் பொய்யைச் சொல்பவர் குழந்தையுமல்ல, கொள்ளையனுமல்ல, கௌரவமான ஒரு கப்பல் தலைவர்.

வேண்டாத விருந்தாளிகளாகக் குழந்தைகள் கொள்ளைக் கப்பலில் தங்கிவிடுகிறார்கள். கொள்ளையருக்கு அவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களோ கப்பல் தளத்தைத் தங்கள் வீட்டு முற்றமாக்கிக்கொள்கிறார்கள். பன்றிக்குட்டியோடு விளையாடுகிறார்கள். பாய்மரத்தில் ஏறுகிறார்கள். கியூபாவின் சாந்தா லூசியா என்ற சிற்றூரில் இறங்கி ஒரு நாடகத்தை வேடிக்கை பார்க்கும்போது, மூத்தவன் ஜான் பரணிலிருந்து தவறி விழுந்து இறந்துபோகிறான். மறுநாள் அவன் படுக்கை காலியாகக் கிடக்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நாள்கள் போகின்றன. அவன் பெயரையே எடுப்பதில்லை.

இந்த இடத்தில் ஹியூஸ் ஒரு விளக்கமும் தருவதில்லை. துக்கம் இல்லையா, மறதியா, பயமா? கதை சொல்லும் குரல் அவ்வப்போது 'நான்' என்று தலைகாட்டும் குரல். குழந்தைகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று தனக்கே உறுதியாகத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் குரலும்கூட. கைக்குழந்தை மனித இனமே அல்ல, வேறொரு பிராணி என்றும், சற்று வளர்ந்த பிள்ளை மனிதன்தான், ஆனால் பெரியவர்களின் புத்தி அளவுகோலுக்கு அடங்காதவன் என்றும் அது ஓரிடத்தில் வாதிடுகிறது. வேடிக்கைபோல் எழுதப்பட்ட அந்தப் பகுதிதான் நாவலின் தத்துவம்.

பிறகு அந்தக் கொலை. காலில் காயம்பட்டு எமிலி அறையில் படுத்திருக்கிறாள். வயது பத்து. கொள்ளையர் ஒரு டச்சுக் கப்பலைப் பிடித்து, அதன் தலைவரைக் கைகால் கட்டி அதே அறையில் போட்டுவிட்டு, அந்தக் கப்பலிலிருந்த சிங்கத்தையும் புலியையும் சண்டைக்கு விட்டு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார்கள். கட்டுண்ட மனிதர் தரையில் கிடக்கும் கத்தியை நோக்கி உருண்டு வருகிறார். தன்னை விடுவிக்கும்படி அவர் கெஞ்சும் மொழி எமிலிக்குப் புரியவில்லை. பயத்தில் கத்தியை எடுத்துக் கண்மண் தெரியாமல் குத்துகிறாள். அவர் இரத்தம் வடிந்து இறக்கிறார். கதவருகே வந்து பார்த்த மார்கரெட்தான் செய்தாள் என்று நினைத்த கொள்ளையர், அவளைக் கடலில் எறிகிறார்கள். கொலையைக் கண்டு கொள்ளையர்களுக்கே குலை நடுங்கிப்போகிறது. மார்கரெட் எப்படியோ பிழைக்கிறாள். எமிலி வாயே திறக்கவில்லை.

4

இந்த நாவல் எந்த வரிசையில் வந்து நின்றது என்பதைப் பார்த்தால்தான் அதன் துணிச்சல் விளங்கும்.

18ஆம் நூற்றாண்டு முடிவில் ஆங்கிலேயச் சமூகத்தில் குழந்தையைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் மோதிக்கொண்டிருந்தன. குழந்தை பிறவிப் பாவத்தோடு வருகிறது, அதன் பிடிவாதத்தை ஒடித்தால்தான் ஆன்மா தேறும் என்றது சமய ஒழுக்கவாதிகளின் தரப்பு. குழந்தை விண்ணுலகின் ஒளியோடு வருகிறது, உலகம்தான் அதைக் கெடுக்கிறது என்றது வேர்ட்ஸ்வொர்த் போன்ற கவிஞர்களின் தரப்பு. 19ஆம் நூற்றாண்டின் போக்கில் இரண்டாவது நம்பிக்கை நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் வென்றது. வீட்டுக்கு வெளியே அப்படியில்லை. 1842இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுரங்கச் சட்டம், பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. பத்து நிரம்பிய சிறுவன் தாராளமாகச் சுரங்கத்தில் இறங்கலாம். களங்கமின்மை என்பது வாடகைக்கு இடமெடுத்தாற்போல் சில வீடுகளில் மட்டும் குடியிருந்தது.

சாகசக் கதைகள் இந்த வீடுகளுக்காக எழுதப்பட்டன. 1857இல் வந்த பாலன்டைனின் 'தி கோரல் ஐலண்ட்' நாவலில் மூன்று ஆங்கிலச் சிறுவர்கள் தீவில் ஒதுங்குகிறார்கள். தீமை எல்லாம் வெளியிலிருந்து, கொள்ளையர் உருவிலும் 'காட்டுமிராண்டிகள்' உருவிலும் வருகிறது. சிறுவர்கள் கறைபடாமல் திரும்புகிறார்கள். 1883இல் புத்தகமாக வந்த ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்' இதில் ஒரு விரிசலை உண்டாக்கியது. அதில் வரும் ஒற்றைக்கால் கொள்ளையன் ஜான் சில்வர் கொலைகாரன். ஆனால் அன்பானவன். சிறுவன் ஜிம்முக்கு அவனை வெறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. இருந்தும் ஜிம் நல்லவனாகவே இருக்கிறான். குழப்பம் எல்லாம் பெரியவரின் பக்கம்தான்.

ஹியூஸ் அந்தக் குழப்பத்தைக் குழந்தையின் பக்கம் நகர்த்தினார். அவர் பிறந்தது 1900. ஐந்து வயதில் தந்தையை இழந்தவர். முதல் உலகப் போர் முடிந்தபோது பதினெட்டு வயது. அவருக்குச் சற்றே மூத்த பள்ளி மாணவர்கள், அந்தச் சாகசக் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள், கூட்டம் கூட்டமாகப் பிரான்சின் சேற்றில் செத்துப்போயிருந்தார்கள். 1929ஆம் ஆண்டு போர் நினைவுகள் இங்கிலாந்தின் புத்தகக் கடைகளை நிறைத்த ஆண்டு. ராபர்ட் கிரேவ்ஸின் தன்வரலாறும், ரெமார்க்கின் போர் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அந்த ஆண்டுதான் வந்தன. ஹியூஸின் நாவலில் போர் இல்லை. ஆனால் நல்ல வீட்டுப் பிள்ளைகள் கொல்லவும் கூடும், கொன்றதை மறந்து விளையாடவும் கூடும் என்பதைக் கேட்டுக்கொள்ளும் மனநிலையில் வாசகர்கள் இருந்தார்கள்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1954இல், வில்லியம் கோல்டிங் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். எனக்கு அவை எதிரெதிர் திசையில் போவதாகவே படுகிறது. கோல்டிங்கின் சிறுவர்கள் நாகரிகத்தின் மேல்தோல் உரிந்து கொடியவர்களாகிறார்கள். மனிதனுக்குள் தீமை உறைகிறது என்பது அங்கே முடிவு. பழைய பிறவிப் பாவக் கோட்பாட்டுக்கு அது ஒரு புதிய சட்டை. எமிலி கொடியவளாக மாறுவதில்லை. நல்லவள், கெட்டவள் என்ற சொற்கள் அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொற்களைப் பெரியவர்கள் அவள் மேல் எப்படிப் போர்த்துகிறார்கள் என்பதைக் கடைசிப் பகுதி காட்டுகிறது. அது நடக்கும் இடம் ஆரன் ஸ்மித் நின்ற அதே ஓல்ட் பெய்லி.

5

கொள்ளையர் குழந்தைகளை ஒரு பயணிக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அங்கே எமிலி உண்மையைச் சொல்ல, கொள்ளையர் பிடிபடுகிறார்கள். வழக்கு வருகிறது.

இங்கே சட்ட வரலாறு கொஞ்சம் தேவைப்படுகிறது. ஸ்மித்தின் காலத்தில் கடற்கொள்ளைக்கே தூக்கு. 1837இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. கொலை முயற்சியோ, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வன்முறையோ சேர்ந்த கடற்கொள்ளைக்கு மட்டுமே மரண தண்டனை என்றானது. எனவே யோன்சனைத் தூக்கில் போடக் கொள்ளையை நிரூபித்தால் போதாது. டச்சுத் தலைவரின் மரணம் வேண்டும். அந்த மரணத்துக்குச் சாட்சி பத்து வயதுப் பெண்.

குழந்தை சாட்சி சொல்லலாமா? 1779இல் பிரேசியர் என்பவரின் வழக்கில் ஆங்கிலேய நீதிபதிகள் இதற்குப் பதில் சொல்லியிருந்தார்கள். வயது ஒரு பொருட்டல்ல. சத்தியப் பிரமாணம் என்றால் என்ன என்று குழந்தைக்குப் புரிந்தால் அது சாட்சி சொல்லலாம். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். நரகத்துக்குப் போவேன் என்பது எதிர்பார்க்கப்பட்ட பதில். சத்தியத்தின் கனத்தை அளக்க நீதிமன்றத்திடம் வேறு தராசு இருக்கவில்லை.

எமிலியை வழக்கறிஞர்கள் தயார் செய்கிறார்கள். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடக்கிறது. அவளும் பள்ளிப் பாடத்தைப் போல் ஒப்பிக்கிறாள். டச்சுத் தலைவரைப் பற்றிக் கேட்டதும் மட்டும் தடுமாறுகிறாள். அவர் இரத்தத்தில் கிடந்ததையும் செத்துப்போனதையும் கதறிச் சொல்கிறாள். யார் செய்தது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பச்சைக் குழந்தை கொலையைக் கண்டு நடுங்குகிறது என்று மன்றம் தானே முடிவு செய்துகொள்கிறது. யோன்சனும் அவனுடைய ஆட்களில் சிலரும் செய்யாத கொலைக்காகத் தூக்கிலிடப்படுகிறார்கள். அவர்களில் கறுப்பினச் சமையல்காரன் ஒருவனும் உண்டு. கப்பலில் அதிகாரம் மிகக் குறைந்தவன் அவனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஸ்மித்தின் வழக்கோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1823இல் கொள்ளையரோடு இருந்த ஒருவர் தன் கதையைக் கோவையாகச் சொன்னார். ஆங்கிலேய மாலுமி, ஆங்கில ஜூரி, ஒரே மொழி, அழுதுகொண்டு வந்த காதலி. நம்பினார்கள். நாவலில் யோன்சனுக்கு அந்த வசதிகள் இல்லை. அவன் அயல்நாட்டான். குழந்தைகளிடம் வைத்த பாசத்தை மன்றத்தில் சொன்னால் அதுவே அவனுக்கு எதிராகத் திரும்பும். எமிலிக்கோ சொல்வதற்குச் சொற்களே இல்லை. ஒரே கட்டடத்தில் நடந்த இரண்டு வழக்குகள், ஒன்று உண்மை, ஒன்று புனைவு. இரண்டிலும் தீர்ப்பை முடிவு செய்தது, யாருடைய கதை கேட்பவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான கதை என்பதுதான்.

இன்னொரு சட்ட நுணுக்கமும் நாவலை மேலும் கசப்பாக்குகிறது. அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை குற்றமே செய்ய இயலாது. ஏழுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவர் தீமையறியாதவர் என்றே முதலில் கொள்ள வேண்டும். அறிந்தே செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. எமிலி உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் தூக்கு மேடைக்குப் போயிருப்பது அரிது. ஆனால் அதைப் பத்து வயதுக் குழந்தைக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றியிருக்காது. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே யாருக்கும் தோன்றவில்லையே.

தோன்றியது ஒருவருக்கு மட்டும். வழக்கு முடிந்து வண்டியில் திரும்பும்போது எமிலியின் தந்தை மகளைப் பார்க்கிறார். அவளைக் கண்டு தனக்குப் பயமாக இருப்பதை உணர்கிறார். பிறகு எமிலி பள்ளியில் சேர்கிறாள். மற்றச் சிறுமிகளின் முகங்களுக்கிடையே அவளைத் தனியே அடையாளம் காட்ட முடியாது என்று கதைசொல்லி விலகிக்கொள்கிறார்.

6

இந்த நாவலைப் புகழ்வதோடு நிறுத்த முடியாது. அதற்கும் பார்வை எட்டாத இடங்கள் உண்டு.

பாழடைந்த கரும்புத் தோட்டங்களின் அழகிய வர்ணனையோடு கதை தொடங்குகிறது. ஏன் பாழடைந்தன? 1831 கிறிஸ்துமஸ் நாள்களில் சாம் ஷார்ப்பின் தலைமையில் ஜமைக்காவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். எழுச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. ஆனால் அடிமைமுறை அதற்குப்பின் நெடுநாள் நிற்கவில்லை. 1833இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1834 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் நீடித்த கட்டாய வேலை 1838இல் முடிவுக்கு வந்தது. அடிமைகளை இழந்த உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. 1846இல் குடியேற்ற நாட்டுச் சர்க்கரைக்கு இருந்த வரிச்சலுகையும் பறிபோகத் தொடங்கியது. தோட்டங்கள் விழுந்தன.

கூலியைக் குறைக்கத் தோட்டக்காரர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். முதல் கப்பலான 'பிளண்டல் ஹன்டர்' 1845 மே மாதத்தில் ஜமைக்கா வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கல்கத்தாவோடு சென்னைத் துறைமுகமும் ஆள் அனுப்பியது. எமிலியின் வயதுள்ள பிள்ளைகள் அந்தக் கப்பல்களிலும் வந்திருப்பார்கள். எதிர்த் திசையில் அதே கடல். அவர்களுடைய பயணத்தை எந்தச் சாகச நாவலும் தேடிப் போகவில்லை.

ஹியூஸின் ஜமைக்காவில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் பின்னணிதான். அவர்களைக் குறிக்கும் சொற்கள் இன்றைய வாசகரை முகம் சுளிக்க வைப்பவை. எமிலி ஒருமுறை தப்பியோடிய அடிமைகளின் வழிவந்தோர் வாழும் 'லிபர்ட்டி ஹில்' என்ற ஊருக்குப் போகிறாள். விடுதலைக் குன்று. அந்தப் பெயரின் பொருளை நாவல் தொட்டும் தொடாமலும் நகர்ந்துவிடுகிறது. கதை நடக்கும் காலத்துக்குச் சற்றுப் பின், 1865இல் மொரான்ட் பே என்ற ஊரில் எழுந்த கிளர்ச்சியை அடக்க ஆளுநர் ஐர் அனுப்பிய படை நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்காக அவர் மேல் இங்கிலாந்தில் வழக்குத் தொடர முயன்றார்கள். தண்டனை எதுவும் இல்லை. மூன்று நூற்றாண்டுக் கொள்ளையின் மேல் கட்டிய வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள்தாம் கொள்ளையர் கையில் சிக்குகிறார்கள். களங்கமின்மை என்ற சொல்லை நாவல் குழந்தைகளிடமிருந்து பறித்துக்கொண்டது சரி. தோட்ட வீட்டிடமிருந்து அதை முழுதாகப் பறிக்கவில்லை.

7

1965இல் அலெக்சாண்டர் மெக்கன்ட்ரிக் இதைத் திரைப்படமாக்கினார். அந்தனி க்வின் கொள்ளைத் தலைவன். பரணிலிருந்து விழுந்து இறக்கும் ஜானாக நடித்த சிறுவன், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற மார்ட்டின் எமிஸ். நாவல் இன்றும் அச்சில் இருக்கிறது. ஆனால் அது எழுப்பிய கேள்வி தொடர்ந்து வாழ்ந்த இடம் இலக்கியம் மட்டுமல்ல.

பிரமாணம் புரியாத சிறு குழந்தையும் சாட்சி சொல்லலாம் என்று இங்கிலாந்தில் 1933இல் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சாட்சியத்தை வேறு ஆதாரம் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை 1988 வரை நீடித்தது. 1999இல் வந்த சட்டம், சாட்சி சொல்லும் குழந்தைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே கேள்வியைப் புரியும்படி எடுத்துச் சொல்ல ஒரு இடைநிலையாளரை அனுமதித்தது. எமிலிக்கு இல்லாமற்போனவர் அவர்தான். பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கறிஞர் அல்ல, கேள்வியை மொழிபெயர்க்கும் ஒருவர்.

குற்றம் சாட்டப்பட்ட குழந்தையின் பக்கம் சட்டம் நேரெதிர் வழியில் போனது. 1993 பிப்ரவரியில் லிவர்பூலுக்கு அருகே இரண்டு வயதுக் குழந்தையை இரண்டு சிறுவர்கள் கடத்திக் கொன்றார்கள். இருவருக்கும் வயது பத்து. அந்த நவம்பரில் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் பகிரங்கமாக விசாரணை நடந்தது. சிறுவர்கள் வெளியே பார்க்க முடியும்படி குற்றவாளிக் கூண்டின் தளத்தை உயர்த்திக் கட்டினார்கள். நடப்பதை அவர்கள் விளங்கிக்கொண்டு பங்கெடுக்க இயலவில்லை, எனவே விசாரணை நியாயமானதாக இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அதற்குள், 1998இலேயே, பதினான்கு வயதுக்குக் கீழானவர் தீமையறியாதவர் என்ற பழைய பாதுகாப்பை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீக்கிவிட்டிருந்தது. இன்று இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு தொடங்கும் வயது பத்து. எமிலியின் வயது.

அந்த வழக்கின்போது பத்திரிகைகள் இரண்டு சொற்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தன. கொல்லப்பட்ட குழந்தை தேவதை, கொன்ற குழந்தைகள் பிசாசுகள். இரண்டும் 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. குழந்தையை விண்ணுலகுக்கோ நரகத்துக்கோ அனுப்பாமல், பூமியிலேயே வைத்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை.

ஹியூஸின் நாவல் முயன்றது அதைத்தான். குழந்தை மேல் இரக்கம் கொள்ளச் சொல்லி அது நம்மை வற்புறுத்தவில்லை. அஞ்சவும் சொல்லவில்லை. டச்சுத் தலைவருக்கு நேர்ந்ததை யாரேனும் எமிலியிடம், பதிலை முன்பே தீர்மானித்துக்கொள்ளாமல், ஒருமுறை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுகிறது. அப்படிக் கேட்கத் தெரிந்திருந்தால் சில உயிர்கள் தப்பியிருக்கும். அந்தச் சிறுமியும் அந்த இரகசியத்தோடு தனியே விடப்பட்டிருக்க மாட்டாள்.